கேட்டுக்கு வெளியே கீர்த்தனா

போன வியாழக்கிழமை என் மேல் ஒரு விசாரணை நடந்தது.

பயப்படாதீர்கள், போலீஸ் இல்லை. ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் நான்கு பேர், ஒரு கோடு போட்ட நோட்டு, ஒரு நீலப் பேனா. இடம் – எங்கள் பள்ளி லைப்ரரி.

"உக்காருங்க மிஸ்" என்றாள் மெர்சி.

மெர்சி எங்கள் பள்ளியின் மனித உரிமை கிளப்புக்குச் செயலாளர். அந்த கிளப்பை ஆரம்பித்தவள்... வேறு யார், நான்தான். கோலார் தங்கவயலில் சோஷியல் டீச்சர் வேலை. வாராவாரம் பத்திரிகையின் இந்தப் பக்கத்தில் ஊருக்கெல்லாம் நியாயம் சொல்கிற வேலை. பள்ளியில் மட்டும் சும்மா இருக்க முடியுமா? தொடக்க விழாவில் ஒரு பேச்சுப் பேசினேன் பாருங்கள் – நானே இரண்டு இடத்தில் கண் கலங்கிவிட்டேன். மற்றவர்கள் கலங்கியதாகத் தகவல் இல்லை.

"உரிமை மறுக்கப்பட்டால் தட்டிக் கேளுங்கள். எதிரில் இருப்பது யாராக இருந்தாலும் கேளுங்கள்!" என்று மைக்கில் முழங்கினேன். யாராக இருந்தாலும் என்றால், முனிசிபாலிட்டி, ரேஷன் கடை, பஸ் கண்டக்டர் என்று என் மனதில் ஒரு லிஸ்ட் ஓடியது. அதில் என் பெயர் இல்லை.

பள்ளியில் எனக்கு இன்னொரு வேலையும் உண்டு. காலை பெல் அடித்ததும் கேட்டைச் சாத்துவது. யாரும் என் தலையில் கட்டியதல்ல, நானே ஆசைப்பட்டு வாங்கியது. எங்கள் ஊரில் நேரம் என்றால் ஷிப்ட் நேரம். ஆட்களை ஏற்றிக்கொண்டு சுரங்கத்துக்குள் கேஜ் என்கிற இரும்புக் கூண்டு இறங்கிவிட்டால் இறங்கியதுதான், பின்னால் ஓடி வருகிறவனுக்காக நிற்காது. அதைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். சுரங்கத்தை மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. நான் மட்டும் இன்னும் தினமும் காலையில் கேஜ் இறக்கிக்கொண்டிருக்கிறேன்.

லேட்டாக வந்தால் முதல் பீரியட் முடியும்வரை வெளியேதான். பெயர், வகுப்பு, வந்த நேரம், எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிவிடுவேன். முத்து முத்தான கையெழுத்து. ஹெச்.எம். மேடமே அந்த நோட்டைப் பாராட்டியிருக்கிறார். அதுவும் இரண்டு முறை!

பத்தாம் வகுப்பு கீர்த்தனா அந்த நோட்டின் நிரந்தர உறுப்பினர். நந்திதுர்க் சுரங்கத்துப் பக்கம், வரிசையாகக் கட்டிய தொழிலாளர் லைன் வீட்டுப் பெண். வருவாள், சுவர் ஓரமாக நிற்பாள், ஒன்றும் சொல்ல மாட்டாள். நானும் கேட்டதில்லை. நல்ல பெண்தான், கொஞ்சம் சோம்பேறி என்று நானாகவே முடிவு கட்டிவிட்டேன். முடிவு கட்டுவதில் மட்டும் எனக்குத் தாமதமே ஆகாது.

அட்டெண்டன்ஸ் எடுப்பது முதல் பீரியடில். வெளியே நிற்பவள் கணக்குப்படி ஆப்சென்ட். போன புதன்கிழமை நோட்டீஸ் போர்டில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். வருகை குறைந்ததால் எஸ்.எஸ்.எல்.சி. ஹால் டிக்கெட் தர முடியாது என்று. கீழே ஒரே ஒரு பெயர்... கீர்த்தனா.

மறுநாள்தான் என்னை லைப்ரரிக்குக் கூப்பிட்டார்கள்.

"கீர்த்தனா அக்கா ஏன் லேட்டா வர்றாங்கன்னு ஒங்களுக்குத் தெரியுமா மிஸ்?"

"தூங்கிடுவா... வேற இன்னா?"

மெர்சி அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டாள். எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அவங்க அம்மா விடிகாலையிலயே மாரிகுப்பம் ட்ரெய்ன் புடிச்சி பெங்களூருக்கு வேலைக்குப் போய்டுறாங்க மிஸ். தண்ணி வர்ற நாள்ல கொழாயாண்ட யாரு நிப்பாங்க? அக்காதான். ஒரு நாள் ஏழு மணிக்கு வரும், ஒரு நாள் ஒம்போது மணிக்கு வரும். அத வுட்டா அப்புறம் எப்ப வரும்னே தெரியாது. எல்லாம் புடிச்சி ஊத்தி வெச்சிட்டு ஓடி வர்றாங்க."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல?"

"இன்னா மிஸ் நீங்க... நீங்க ஒரு நாளும் கேக்கவே இல்லியே?"

ஆனாலும் விட்டுவிடுவேனா? "ரூல்னு ஒண்ணு இருக்குது மெர்சி. எல்லாருக்கும் ஒரே ரூல்" என்றேன்.

அவள் நிதானமாக ஒரு பக்கத்தைத் திருப்பினாள். "டீச்சருங்களுக்குப் பத்து நிமிஷம் கிரேஸ் டைம் இருக்குதே மிஸ்?"

சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்று போர்டில் தராசு வரைந்து இவர்களுக்கு விளக்கியது யார் என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு முதலில் வந்தது வெட்கம் இல்லை, கோபம்தான். 'கிளப்பையே இழுத்து மூடிடுவேன்' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இதே பக்கத்தில் எத்தனை அதிகாரிகளைத் திட்டியிருக்கிறேன்! நாற்காலியில் உட்கார்ந்து பதில் சொல்லும்போது அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"கடைசியா ஒண்ணு மிஸ்" என்றாள் மெர்சி. "அந்த லேட் நோட்டு எங்க?"

"அது எதுக்கு?"

"அட்டெண்டன்ஸ்ல அக்கா வரலைன்னு போட்டுக்கீறாங்க. ஒங்க நோட்டுல வந்தாங்கன்னு இருக்குது. டைமோட."

அவள் பள்ளிக்கே வரவில்லை என்கிறது ஒரு ரிஜிஸ்டர். வந்தாள், நான்தான் வெளியே நிறுத்தினேன் என்கிறது என் முத்து முத்தான கையெழுத்து. அந்தப் பெண் பரீட்சை எழுத வேண்டுமானால் நான் என்னைக் காட்டிக்கொடுத்தாக வேண்டும்.

அங்கேயே உட்கார்ந்து ஹெச்.எம்.முக்கு ஒரு கடிதம் எழுதினேன். எழுத்தாளர் இல்லையா... 'பள்ளி ஒழுங்கின் நலன் கருதி, தவிர்க்க முடியாத சூழ்நிலையில்' என்று பிரமாதமாக ஆரம்பித்தேன். மெர்சி எட்டிப் பார்த்தாள்.

"சூழ்நிலை இல்ல மிஸ். நீங்க."

அடித்து அடித்து எழுதியதில் கடைசியில் மிஞ்சியது இரண்டே வரி. 'இந்த நோட்டில் உள்ள நாட்களில் கீர்த்தனா பள்ளிக்கு வந்தார். உள்ளே விடாமல் நிறுத்தியது நான்.' இத்தனை வருஷத்தில் நான் எழுதியதிலேயே சின்னது அதுதான். எழுதக் கஷ்டப்பட்டதும் அதுதான்.

ஹெச்.எம். கடிதத்தைப் படித்தார். நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். "நோட்டு ரொம்ப நீட்டா இருக்குது" என்றார். மூன்றாவது பாராட்டு! வாங்கிக்கொண்டு தலையைக் குனிந்தபடி வெளியே வந்தேன்.

வருகைப் பதிவைத் திருத்தினார்கள். நோட்டீஸ் போர்டு அறிவிப்பைக் கிழித்தார்கள். கீர்த்தனாவுக்கு ஹால் டிக்கெட் உண்டு. லேட்டாக வந்தாலும் இனி யாரையும் வெளியே நிறுத்துவதில்லை என்றும் முடிவாயிற்று. அன்று மாலை வீட்டுக்குப் போகும்போது மனசு நிறைந்திருந்தது. ஏதோ நானே போராடி ஜெயித்த மாதிரி ஒரு நடை வேறு.

நேற்று தண்ணீர் வரும் நாள் போலிருக்கிறது. பெல் அடித்துக் கால் மணி நேரம் கழித்து கீர்த்தனா வந்தாள். மூச்சு வாங்கியது. யூனிஃபார்ம் ஓரமெல்லாம் ஈரம். கேட் அகலத் திறந்துதான் இருந்தது. அவள் உள்ளே வராமல் அதே சுவர் ஓரமாக நின்றாள்.

"உள்ள வாம்மா. இனிமே யாரும் வெளிய நிக்க வேணாம்" என்றேன், ரொம்பப் பெருந்தன்மையாக. ஒரு 'தேங்க்ஸ் மிஸ்' எதிர்பார்த்தேன் என்பதையும் மறைக்கவில்லை.

அவள் நகரவில்லை.

"பேரு எழுதிக்கங்க மிஸ்."

"பரவால்லம்மா, நீ கிளாஸுக்குப் போ."

"இல்ல மிஸ், எழுதுங்க. டைமும் போடுங்க."

எழுதினேன். நேரத்தையும் போட்டேன். நோட்டுக்குள் எட்டிப் பார்த்து, தன் பெயரையும் நேரத்தையும் ஒருமுறை சரிபார்த்த பிறகுதான் அவள் உள்ளே ஓடினாள்.

என்னை நம்பாமல் இருக்க அவளுக்கு முழு உரிமை உண்டு.