கல்லுக் குருசில் கை வைத்து

மகனின் சட்டைக் காலரை நக்கிப் பார்த்தேன் என்றால் சிரிப்பீர்கள். உப்புக் கரித்தது. வியர்வையும் உப்புத்தானே என்று பிறகுதான் உறைத்தது.

போன வாரம் அவன் வகுப்புப் பையன் ஒருவனைத் அலையைத் தடுக்கக் கடலுக்குள் கொட்டிய தூண்டில் வளைவுப் பாறையிலிருந்து அலை இழுத்துப் போய்விட்டது. வள்ளக்காரர்கள் தூக்கியதால் பிழைத்தான். கூட இன்னொருவனும் இருந்தானாம். யாரென்று பிழைத்தவன் சொல்ல மாட்டேன் என்கிறான். "நான் டியூஷன்லதான் இருந்தேன்" என்கிறான் என் மகன். டியூஷன் சாருக்கோ நினைவில்லை.

உப்பு என்றாலே எனக்கு எங்கள் ஊர்க் கோயில் முற்றத்துக் கல்லுக் குருசுதான், கல்லில் செதுக்கிய சிலுவை. கடற்காற்று அரித்துச் சொரசொரவென்று, ஒரு பக்கக் கை உடைந்து நிற்கும். போர்த்துகீசியர் நட்டது என்பார்கள். எப்போது என்று கேட்டால் பேச்சை மாற்றுவார்கள். ஊரில் எது காணாமல் போனாலும், சந்தேகப்பட்ட ஆளை உச்சி வெயிலில் அங்கே கூட்டிப் போவார்கள். குருசின் மிஞ்சிய கையைத் தொட்டுச் சத்தியம் செய்ய வேண்டும். திருச்செந்தூரிலிருந்து வரும் கருப்பட்டி வியாபாரி, கழுத்தில் உருத்திராட்சத்தோடு, அவரும் அந்தக் கல்லை நம்பினார்.

ஒருமுறை எங்கள் கோழி காணாமல் போனது. அம்மா எதிர்வீட்டு லூர்து சித்தியை இழுத்துப் போனாள்.

"ஏளா, கைய வச்சுச் சொல்லு."

சித்தி வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். "நான் புடிக்கல. அவுகதான் புடிச்சாக. நான் கொழம்பு மட்டுந்தான் வச்சேன்."

முற்றமே சிரித்தது. "எனக்கு ஒரு கிண்ணம் குடுத்துவிட்டுருக்கலாம்லா?" என்றாள் அம்மா.

சனிக்கிழமை மகனை அழைத்துக்கொண்டு அந்த ஊருக்கே பஸ் ஏறினேன். படித்தவள் செய்கிற காரியமா என்று என்னையே திட்டிக்கொண்டுதான் போனேன். குருசுக்கு இப்போது பளிங்கு மேடை, கூரை, சுற்றிலும் கண்ணாடி, பூட்டு. முற்றத்தில் நாங்கள் இருவர்தான்.

"கண்ணாடி மேல வச்சாப் போதுமாம்மா?"

"வையிலே."

வைத்தான். "அன்னைக்கு நான் கடலுக்குப் போகல."

அப்போதெல்லாம் வெயிலில் காய்ந்த அந்தச் சொரசொரக் கல்லைத் தொட்டதும் யாருக்கும் விரல் ஒரு கணம் பின்வாங்கும். பிறகு எப்படி வைக்கிறார்கள் என்றுதான் ஊர் பார்த்துக்கொண்டிருக்கும். கண்ணாடி வழவழவென்று, நிழலில் குளிர்ந்திருந்தது. அவன் விரல் பின்வாங்கவேயில்லை. சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ள எங்கள் ஊரில் இப்போது இடமில்லை.