புருசெத்தில் வீடு பார்க்கப் போனேன்

வாடகைக்கு விடுபவர் நம்மவர் என்று தெரிந்ததும் பாதி வீடு கிடைத்துவிட்ட மாதிரி இருந்தது. நோர்வேக்காரருக்கு அனுப்பிய விண்ணப்பங்கள் ஒன்றுக்கும் பதில் வரவில்லை. அடுத்த மாதம் கணவரும் மகளும் யாழ்ப்பாணத்திலிருந்து நோர்வேக்கு வருகிறார்கள்.

இரண்டு அறை. மகளின் கட்டிலை எந்தச் சன்னலோரம் போடலாம் என்றுகூட யோசித்துவிட்டேன்.

வீட்டுக்காரரிடம் சம்பளச் சீட்டை நீட்டினேன். வாங்கவில்லை.

“அது கிடக்கட்டும் பிள்ளை. ஊரிலை எவடம்?”

சொன்னேன்.

“அங்கை எந்தக் கோயிலடிப் பக்கம்?”

சாதியை நேரே கேட்க மாட்டார்கள்; இப்படித்தான் கேட்பார்கள். பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. எங்கள் கோயிலைச் சொன்னேன்.

அவர் மனைவி தேத்தண்ணி போட உள்ளே போயிருந்தார். “தேத்தண்ணி வேண்டாம், இவ வெளிக்கிடப்போறா,” என்று குரல் கொடுத்தார் வீட்டுக்காரர். பிறகு என்னிடம், “என்ர மருமகளும் வீடு கேட்டவ. யோசிச்சுச் சொல்லுறன்.”

ரயிலில் திரும்பும்போது போனில் பார்த்தேன். அந்த வீட்டு விளம்பரம் இன்னும் அப்படியே இருக்கிறது.

யாருக்காவது வாடகை வீடு தெரிந்தால் இங்கே எழுதுங்கள். வீட்டுக்காரர் நோர்வேக்காரராக இருந்தால் நல்லது. அவர்களுக்கு எங்கள் கோயில்கள் தெரியாது.