கவிழ்த்து வைத்த அட்டைகள்

ஜெலுத்தோங் கிளினிக்கின் கவுண்டரில் ஓர் அக்கா இருந்தார். யாராவது அருகில் வந்தால் நோயாளிகளின் அட்டைகளைச் சட்டென்று கவிழ்த்து வைப்பார்.

தொண்ணூறுகளில், அந்த அட்டை விவரங்களை ஏற்றிவைக்க அங்கே கம்ப்யூட்டர் பொருத்தப் போனேன். திரையில் மென்பொருள் கம்பெனியின் ஒப்பந்தம் வந்தது. வழக்கம்போல் படிக்காமலே சம்மதம் என்று அமுக்கப் போனேன்.

“இரு தம்பி. என்னா போட்டிருக்கு?”

“எல்லாரும் அமுக்கறதுதான்க்கா.”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு அரைமணி நேரம் படித்தார்.

“ரிப்பேர் பார்க்க வர்ற கம்பெனிக்காரன் உள்ள இருக்கிறத எல்லாம் பார்க்கலாமாம். அவன் யாரு பார்க்க? வேணாம்லா, தூக்கிட்டுப் போ. டாக்டர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்.”

வியாபாரம் போன எரிச்சலோடு கிளம்பினேன். பாதி வழியில்தான் உறைத்தது: என் அட்டையும் அங்கேதான் இருக்கிறது.

என் நோய் என்னவென்று அந்த அக்காவுக்குத் தெரியும். என் மனைவிக்குக்கூட இன்றுவரை தெரியாது.