‘மிஷின் ரிப்பேரு’ அக்கா

இன்று திருச்சி பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரம்மா என்னையே உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “யக்கா, கம்ப்யூட்டர் கிளாஸ்ல ‘மிஷின் ரிப்பேரு’ன்னு கத்துன அக்கா நீங்கதேனே?”

எண்பதுகளில், திண்டுக்கல்லில். டைப்ரைட்டிங் ஹையர் பாஸான திமிரில், திரையையே பார்க்காமல் என் முதல் புரோகிராமை அடித்தேன். வரிக்கு வரி எரர். கத்தியது நான்தான்.

சார் குனிந்து பார்த்தார். “ஏம்மா, ஒன்னு வர்ற எடத்துலயெல்லாம் சின்ன எல் அடிச்சிருக்க?”

எங்கள் டைப்ரைட்டரில் ஒன்றுக்குத் தனிக் கீ கிடையாது. எல்தான் ஒன்று. கம்ப்யூட்டருக்கோ அது வெறும் எழுத்து. வகுப்பே சிரித்தது.

“நான் இல்லம்மா” என்று சொல்லிவிட்டு, அய்யலூர் டிக்கெட்டோடு வடமதுரையிலேயே இறங்கிவிட்டேன்.

ஒன்றுக்கு எல் அடித்துப் பழகியவர்கள் கமெண்டுக்கு வாருங்கள். அடுத்த பஸ் வரும்வரை தனியாக வெட்கப்பட முடியாது.