குழுவில் போட்ட அட்டை

வாகட் பகுதியில் உள்ள எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் வேலைக்கு வருபவர்களின் ஆதார் அட்டைகளைச் செயலாளர் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டார். குடியிருப்போர் கூட்டத்தில் எதிர்த்தேன். மறைக்க ஒன்றுமில்லாதவர்களுக்கு என்ன பயம் என்று இந்தியில் கேட்டார். எல்லோரும் தலையாட்டினார்கள். அப்படியானால் நம் அட்டைகளையும் போடுங்கள் என்றேன். ஒரு தலையும் ஆடவில்லை.

அடுத்த வாரம் எங்கள் வீட்டில் சமைக்கும் தமிழ்ப்பெண் ஃபோனில் அழுதாள். அடி தாங்காமல் கணவனை விட்டு வந்து நகரின் மறுகோடியில் ஏரவாடாவில் ஒளிந்திருந்தவள். ரேஷனுக்காகத்தான் அட்டையில் முகவரியை ஏரவாடாவுக்கு மாற்றியிருந்தாள்.

“உங்க குடியிருப்புல யாரோ எங்க ஊர் டிரைவர் அந்தப் படத்தை அவனுக்கு அனுப்பிட்டான்க்கா. நேத்து வாசல்ல வந்து நின்னான். புள்ளைய கூட்டிக்கிட்டு ஊரை விட்டே போறேன்.”

நடந்ததைக் கொதிப்போடு குழுவில் எழுதினேன். செயலாளர் உடனே பதில் போட்டார்: “வருந்துகிறோம். புது ஆள் வந்ததும் அட்டையை அனுப்பி வையுங்கள்.”