சரவெடி இல்லாத திறப்பு விழா

பெயிண்ட் அடிக்கிறவனுக்கு ஊரே மேஸ்திரி. என்னைப்போல் பிரஷ் பிடித்து நொந்தவர்களுக்கு இது தெரியும். நான் இந்த வேலைக்கு வந்த வரிசை இது. முதலில், சங்கம் வைத்ததற்காகப் பட்டாசுக் கம்பெனி முதலாளி என்னை வெளியே தள்ளினார். அடுத்து, சங்கமே துண்டறிக்கையிலிருந்து என் பெயரை எடுத்தது. மூன்றாவதாக, நான் எழுதிய சுவரெழுத்தின்மேல் வெள்ளையடிக்க அதே முதலாளி என்னையே கூலிக்குக் கூப்பிட்டார். அடித்தேன். நன்றாகவே அடித்தேன்.

படமில்லாத சுவர்

செல்போன் சட்டைப்பைக்கு வந்த புதிது. சிவகாசிப் பக்கம் ஒரு பள்ளியில், சத்தமும் வெளிச்சமும் தாங்காத பிள்ளைகளுக்காக ஓர் அறை. செலவு நம் முதலாளியுடையது, பெயிண்ட் வேலை என்னுடையது. அங்கே படிக்கிற முத்துலட்சுமிக்கு ஆட்டிசம். மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு ரோட்டுக்கு ஓடிவிடுவாள். புது அறையிலும் உட்காராவிட்டால் வீட்டுக்கே கூட்டிப்போகச் சொல்லிவிட்டார் தலைமையாசிரியர். அவள் அம்மா மாரியம்மாளுக்கு முதலாளி கம்பெனியில்தான் வேலை. பிள்ளையை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் அவர் வேன் ஏற வேண்டியிருக்கும்.

டீச்சர் கண் கூசாத சந்தன நிறம் கேட்டார். முதலாளி நாலு சுவரிலும் மாட்டக் கம்பெனி காலண்டர்களை அனுப்பியிருந்தார். பளபளக்கும் படங்கள் பிள்ளைகளின் கண்ணை உறுத்தும் என்று நான் மாட்டவில்லை. பார்க்க வந்த முதலாளியின் முகம் சுருங்கிவிட்டது. "ஒரு காலண்டர்கூட இல்லேன்னா, சிவகாசிக்காரன் கட்டுனதுன்னு எவன் நம்புவான்?"

உறுமுகிற விளக்கு

டியூப்லைட் உறுமுவது நமக்குக் கேட்காது, முத்துலட்சுமிக்குக் கேட்கும். அதற்குப் பதில் மஞ்சள் பல்பு. நாற்காலி கிறீச்சிடாமல் இருக்க, கால்களுக்கு சைக்கிள் டியூப் வெட்டி மாட்டினேன். வீட்டில் எங்கே அமைதியாக இருப்பாள் என்று மாரியம்மாளிடம் கேட்டதற்கு, கட்டிலுக்கு அடியில் என்றார். மூலையில் கட்டில் உயரத்துக்குப் பலகை அடித்துத் திரை தொங்கவிட்டேன். டியூப்லைட்டைக் கழற்றிய எலெக்ட்ரீஷியன் சொன்னார்: "நல்லா எரியுற லைட்டக் கழட்டச் சொன்ன மொத ஆளு நீங்கதாண்ணே."

வாசலில் பத்தாயிரம் வாலா

எங்கள் பக்கம் டீக்கடை திறந்தாலும் சரவெடி உண்டு. முதலாளி பத்தாயிரம் வாலாவை அறை வாசலிலேயே விரித்துவிட்டார். மகளை இறுக்கிப் பிடித்திருந்த மாரியம்மாளுக்கு முதலாளிமுன் வாய் எழவில்லை. எனக்கு லாரிக்கு முன்னால் படுத்த பழக்கம். சரவெடிமேல் உட்கார்ந்துவிட்டேன். பற்றவைக்க ஊதுபத்தியோடு வந்த ஆள் அப்படியே நின்றார்.

"மறியல் புத்தி இன்னும் போகலையாக்கும்? எந்திரிங்க" என்றார் முதலாளி.

இந்தப் பிள்ளை ஓடிவிட்டால் அறையை யாருக்குத் திறக்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் திரும்பிப் பார்த்தார். சரத்தைக் கண்டதுமே அவள் காதைப் பொத்தியிருந்தாள்.

"சுருட்டுங்கலே" என்றார்.

முத்துலட்சுமி உள்ளே போனாள். சுவரைத் தடவினாள். திரைக்குள் புகுந்து உட்கார்ந்தாள். தலைமையாசிரியரும் முதலாளியும் மாரியம்மாளும் சாட்சியாக நிற்க, டீச்சர் மெல்ல வருகை வாசித்தார்: "முத்துலட்சுமி." திரைக்கு வெளியே ஒரு கை மட்டும் நீண்டது.

ஆயுள் முழுக்கக் கத்தியவன் ஜெயித்த ஒரே போராட்டம் சத்தம் போடாதே என்பதற்காக நடந்தது. அதற்கும் சங்கம் துண்டறிக்கை போடவில்லை.