யோர்மா சொன்ன ‘ஏய்’

சனிக்கிழமை காலை வாசலில் ஸ்நோ தள்ளிக்கொண்டிருந்தேன். மனைவி கதவைப் பாதி திறந்து கைபேசியை நீட்டினாள். “இஞ்சருங்கோ, உங்கட பின்லாந்துக்காரர் மோசம் போயிட்டாராம்.” அரீனாவில் என்னோடு வேலை செய்யும் ஒருவர் அனுப்பிய இரண்டு வரிச் செய்தி அது. யோர்மா வெள்ளிக்கிழமை இறந்துவிட்டார், ஈரலில் வருத்தம், செவ்வாய்க்கிழமை உடலைப் பார்வைக்கு வைக்கிறார்கள். “ஆ, அப்பிடியே” என்று சொல்லிவிட்டு மறுபடி ஸ்நோ தள்ளும் சவளை எடுத்தேன். எங்கள் வாசலை முடித்து, கேட்காமலே பக்கத்து வீட்டு வாசலையும் தள்ளிக்கொடுத்தேன். உள்ளே போனால் மகளின் முகத்தைப் பார்க்கவேண்டி வரும். அதற்குப் பயந்துதான் வெளியிலேயே நின்றேன்.

மொன்றியலின் பியர்பொன்ட்ஸில் நான் வேலை செய்யும் ஐஸ் அரீனாவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிவந்த உங்களில் பலருக்கு யோர்மாவைத் தெரியும். நெடிய மனிதர், இடது முழங்கால் மடங்காமல் நடப்பார். அவரைப் பற்றிய கதையும் உங்களுக்குத் தெரியும்: தமிழரைக் கண்டால் பிடிக்காத ஆள், ஒரு தமிழரைச் சபை நடுவே அவமானப்படுத்திய ஆள். அந்தத் தமிழன் நான். அந்தக் கதையைச் சொன்னவனும் நான்தான். அதனால் நம் தமிழ்ச் சங்க மலரில் அவருக்கு ஒரு அஞ்சலி வேண்டும், அதை நானே எழுதவேண்டும் என்று கேட்டு வாங்கினேன். மலர்க்குழுவினர் ஆச்சரியப்பட்டார்கள். வாசித்தால் ஏன் என்று விளங்கும்.

யோர்மா ஐஸ் ஹொக்கியைத் தொழிலாக ஆடியவர். பின்லாந்தின் வடக்கே, மரம் அரியும் ஆலை ஒன்றை நம்பிப் பிழைத்த சின்ன ஊரில் பிறந்து, அந்த நாட்டின் முதல்தர அணி ஒன்றில் ஆடிவிட்டு இந்தக் கண்டத்துக்கு வந்தார். அவருடைய இடம் டிஃபென்ஸ். அதாவது, எதிரணி அடிக்கிற பக் என்ற கறுப்பு ரப்பர் வட்டைத் தங்கள் கோலுக்கு வரவிடாமல் மட்டையாலோ உடம்பாலோ மறிக்கிற வேலை. பெரிய லீக்கில் ஆள் குறைந்தால் அவரைக் கூப்பிடுவார்கள். மற்ற நாட்களில் சின்ன லீக்கில், பஸ்ஸிலேயே படுத்து எழும்பி ஊர் ஊராக ஆடினார். முன்பல் இரண்டும் கட்டுப்பல். அதைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுத்தான் கோப்பி குடிப்பார். “கோல் அடிச்சவன்ர பேர் பலகையில வரும். மறிச்சவனுக்குப் பலகை இல்லை, பல்லு டொக்டர்தான்” என்பார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை நான் எங்கள் தமிழில் எழுதுகிறேன். இந்த அளவு நீளமாக அவர் பேசுவதே அபூர்வம். கேட்டால் ஒரு சொல், கேட்காவிட்டால் அதுவும் இல்லை.

ஒரு நாள் மதியச் சாப்பாட்டின்போது மட்டும் தன் ஆட்டக்காலத்தின் கடைசிக் கதையைச் சொன்னார். பெரிய லீக்கில் ஒரு முக்கியமான ஆட்டம். அவருடைய அணியில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் பதற்றத்தில் பக்கைப் பின்னுக்குத் தள்ள, அது யோர்மாவின் காலில் பட்டுச் சொந்தக் கோலுக்குள்ளேயே போய்விட்டது. தோற்றார்கள். பத்திரிகைக்காரர் சூழ்ந்துகொண்டு கேட்டபோது யோர்மா, “என்ர காலில பட்டது, என்ர பிழை” என்று மட்டும் சொன்னாராம். அதன் பிறகு பெரிய அணி அவரைக் கூப்பிடவே இல்லை. “உண்மையைச் சொல்லியிருக்கலாமே?” என்று கேட்டேன். “காலில பட்டதும் உண்மைதானே” என்றார். எங்கள் ஆட்கள் உம்மை விசரன் என்பார்கள் என்று நான் சொன்னேன். அவர் என் மனைவி செய்த மீன் கட்லெட்டை எடுத்து, உறைப்பில் கண் கலங்கக் கலங்கத் தின்றார். அப்போது நாங்கள் நண்பர்கள்.

முழங்கால் போனபின் கிளேர் என்ற மொன்றியல் பெண்ணைக் கட்டி, கர்க்லாண்டில் வீடு வாங்கி இருந்துவிட்டார். எங்கள் அரீனாவில் ஐஸ் தளத்தைக் கவனிக்கும் வேலை. தளத்தை வழித்துத் தண்ணீர் பூசும் வண்டியை நாங்கள் இருவரும் முறைவைத்து ஓட்டுவோம். ஓய்வு கிடைத்தால் வாங்கில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளைகளின் ஸ்கேட்டிங் சப்பாத்துக்கு நாடா கட்டிவிடுவார். தகப்பன்மார் எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் கழன்றுவிடும் நாடா அவர் கட்டினால் கழலாது. பிள்ளைகள் வரிசையில் நின்று காலை நீட்டும்.

இனி அந்தக் காலையைச் சொல்லவேண்டும். ஞாயிற்றுக்கிழமை, சுற்றிவரப் பெற்றோர், அதில் எங்கள் ஆட்களும் ஏழெட்டுப் பேர். நான் வண்டியைத் தளத்துக்குள் எடுக்கிறேன். பெரிய கதவின் ஒரு பக்கம் சரியாகத் திறபடவில்லை, நான் அதைக் கவனிக்கவில்லை. கதவுக்குப் பின்னால் ஒரு பெண்மணி குனிந்து பையில் எதையோ தேடிக்கொண்டிருந்திருக்கிறார். யோர்மா அந்த மடங்காத காலை இழுத்துக்கொண்டு கையை வீசியபடி ஓடிவந்தார். “ஏய்! ஏய்! ஏய்!” என்று கத்தினார். நான் பிரேக் அடித்தேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதோடு முடிந்திருக்கவேண்டிய விஷயம்.

ஆனால் என் காதில் ஏறியது அந்தச் சொல்தான். ஊரில், ஆமிக்காரரின் காவல் சென்றியில் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நின்ற என் அப்பாவை, என் வயதுப் பொடியன் ஒருவன் துவக்கோடு நின்று “ஏய்” என்றுதான் கூப்பிட்டான். அப்பா குனிந்துகொண்டு போனார். இந்த நாட்டிலும் அதைக் கேட்கவா வந்தேன்? வண்டியால் இறங்கி அவர் முன்னால் போய் நின்றேன். “என்னை ஏய் எண்டு கூப்பிடாதையும்” என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் முகம் வெளிறிப் போயிருந்தது. தலையை இரண்டு பக்கமும் ஆட்டி, “ஏய், ஏய்” என்றார். எல்லாருக்கும் முன்னால், மறுபடியும்! “சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லுறீரோ?” என்றேன். “ஏய்!” என்றார் இன்னும் பலமாக. எங்கள் ஆட்களில் ஒருவர் என் தோளைப் பிடித்து, “விட்டுடாதையுங்கோ அண்ணை, எங்களை ஆரெண்டு நினைச்சவன்?” என்றார்.

நான் விடவில்லை. அன்றே மகளை உட்கார்த்தி, அரீனா மனேஜருக்குப் பிரெஞ்சில் முறைப்பாடு எழுதச் சொன்னேன். “அப்பா, அவர் உண்மையா உங்களை இன்சல்ட் பண்ணினவரா?” என்று கேட்டாள். “ஓம், எழுது. நாயைக் கூப்பிடுற மாதிரிக் கூப்பிட்டவர் எண்டு எழுது.” எழுதினாள். மனேஜர் யோர்மாவைக் கூப்பிட்டு விசாரித்தார். அவர் ஒன்றும் சொல்லாமல் இருந்தாராம். பேசாமல் இருந்ததை ஒப்புக்கொண்டதாக எடுத்து, அவரைத் தளத்திலிருந்து நீக்கி, பின்பக்க அறையில் ஸ்கேட் கத்தி தீட்டும் வேலைக்கு மாற்றினார்கள். பிறகு வந்த சங்க இராப்போசனத்தில் என்னை எழுந்து பேசச் சொன்னார்கள். பேசினேன். கை தட்டினீர்கள். ரோசமுள்ள மனிதன் என்றீர்கள். அந்தக் கைதட்டல் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

அந்த ஞாயிறு கழிந்து இரண்டு கிழமையில், சாப்பாட்டு மேசையில் மகள் கைபேசியை என் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள். “அப்பா, பின்லாந்து பாஷையில ‘ஏய்’ எண்டா ‘இல்லை’, ‘வேண்டாம்’. நோ எண்டு அர்த்தம்.” ஒருவருக்குப் பதறினால் தாய்மொழிதான் வாயில் வரும். வேண்டாம், வேண்டாம் என்று அவர் ஓடிவந்திருக்கிறார். கூப்பிடாதையும் என்று நான் சத்தம் போட்டபோது, இல்லை, நான் அப்படிக் கூப்பிடவில்லை என்று சொல்லியிருக்கிறார். அவர் மறுக்க மறுக்க எனக்கு வசவாகவே கேட்டிருக்கிறது. “திருப்பி ஒரு கடிதம் எழுதுவமா?” என்று மகள் கேட்டாள்.

“பேந்து பாப்பம், நீ சாப்பிடு.”

பிறகு என்று நான் சொன்ன அந்தப் பேந்து நான்கு வருடமாக வரவேயில்லை. முதலில் மகள் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு கேட்பதை விட்டாள். பிறகு என்னோடு பேசுவதையும் குறைத்துக்கொண்டாள். நான் ஏன் சொல்லவில்லை? வேலை போய்விடும் என்றெல்லாம் இல்லை. ஒரு சொல்லுக்கு அர்த்தம் தெரியாமல் ஆடிய முட்டாள் என்று நீங்கள் சிரிப்பீர்களே, அதுதான். கை தட்டியவர்கள் முன்னால் தலை குனிய மனம் வரவில்லை.

இதற்குள் நடந்த ஒன்றை எழுதக் கை கூசுகிறது, ஆனால் எழுதவேண்டும். ஒரு நாள் யோர்மா தீட்டிய ஸ்கேட்டுகளைக் கொடுக்க வெளியே வந்தார். எங்கள் ஆட்களின் பிள்ளை ஒன்று, ஐந்து வயதிருக்கும், பழக்கத்தில் அவர் முன்னால் காலை நீட்டியது. அவர் கஷ்டப்பட்டு முழங்காலை ஊன்றிக் குனிந்தார். தாய் ஓடிவந்து, “அந்தாளிட்டப் போகாதை எண்டு சொன்னனான் எல்லே!” என்று பிள்ளையை இழுத்துக்கொண்டு போனார். யோர்மா குனிந்தபடியே கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு கம்பியைப் பிடித்து எழுந்து அறைக்குள் போனார். நான் பத்தடி தூரத்தில் வண்டிக்குப் பக்கத்தில் நின்றேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வண்டியில் எண்ணெய் இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பதுபோல் நடித்தேன்.

செவ்வாய்க்கிழமை தனியாகப் போனேன். பெட்டிக்குள் யோர்மா மெலிந்துபோய், வாய் மூடிக் கிடந்தார். கிளேர் என்னைக் கண்டதும் எழுந்து வந்தார்.

“நீங்கதானே அது?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

தலையாட்டினேன்.

“அவருக்குத் தெரியும். கர்க்லாண்ட் தெப்பனேர் கடையில ஒரு தமிழர் இருக்கிறார். அந்தச் சொல் உங்கட பாஷையில என்ன மாதிரிக் கேக்கும் எண்டு அந்தக் கிழமையே போய் விசாரிச்சிட்டு வந்தவர். போய் மனேஜரிட்ட விளங்கப்படுத்துங்கோ எண்டு நான் கத்தினன். ‘நான் விளங்கப்படுத்தினா அந்த மனுசனை எல்லாரும் சிரிப்பினம். அவர் அங்க வேலை செய்யவேணுமே’ எண்டார்.” பெட்டிப் பக்கம் திரும்பிச் சொன்னார்: “அதுக்குப் பிறகு வீட்டிலயும் அந்தச் சொல்லை விட்டிட்டார். நோ எண்டுதான் சொல்லுவார். வீட்டில சொன்னா அங்கயும் வாய்தவறி வந்திடுமாம். தங்கச்சி பின்லாந்தில இருந்து ஃபோன் எடுத்தாலும் நோதான். அவ கோவிப்பா. கடைசியில ஆஸ்பத்திரியில, இனி மருந்து வேண்டாம் எண்டு சொன்னபோதும் நோ எண்டுதான் சொன்னவர்.”

சொந்தப் பாஷையில் ‘வேண்டாம்’ என்று சொல்லும் உரிமையைக்கூட எனக்காக விட்டுக்கொடுத்துவிட்டு ஒருவர் போய்விட்டார். நான்கு வருடம் என் மானத்தை நானும் காப்பாற்றினேன், அவரும் காப்பாற்றினார். அவருடைய மானத்தைக் காப்பாற்ற ஒருவரும் இருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து மகளின் அறைக் கதவைத் தட்டினேன். “அந்தக் கடிதத்தை எழுதுவம், பிள்ளை” என்றேன். “இப்ப ஆருக்கு, அப்பா?” என்றாள். ஆனாலும் எழுதித் தந்தாள். அடுத்த நாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். மனேஜர் வாசித்துவிட்டு, இறந்தவரின் கோப்பு மூடப்பட்டுவிட்டது, இதைச் சேர்க்க இடமில்லை என்றார். அதனால் இங்கே சேர்க்கிறேன். யோர்மா என்னை அவமதிக்கவில்லை. என் முறைப்பாடு பிழை. பிழை என்று தெரிந்தபிறகும் நான் வாய் திறக்காமல் இருந்தது பொய். அவரிடமிருந்து பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போனவர்களே, தயவுசெய்து இன்று அந்தப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்: அவர் நல்லவர், பொய் சொன்னது இந்த மாமாதான்.

என்னைத் தெருவில் கண்டால் “பரவாயில்லை அண்ணை, தெரியாமல் நடந்ததுதானே” என்று யாரும் சொல்லவேண்டாம். முதல் இரண்டு கிழமைதான் எனக்குத் தெரியாமல் நடந்தது. மீதி நான்கு வருடமும் தெரிந்துதான் நடந்தது. யோர்மாவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இந்த வெட்கம் ஒன்றுதான். ஆறுதல் சொல்லி அதையும் என்னிடமிருந்து வாங்கிவிடாதீர்கள்.